‘உங்கள் பயிற்சியாளர்’ என்று முடிந்த ஒரு கடிதம்: டென்னசி பள்ளி விளையாட்டுச் சங்கம் ஒரு தனியார் பள்ளியைத் தண்டித்த நிகழ்வு

1997 ஏப்ரலில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஒரு தனியார் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர் எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலருக்குக் கடிதம் எழுதினார். வசந்த காலப் பயிற்சி தொடங்கப்போகிறது, வந்து சேருங்கள் என்பதுதான் சேதி. அந்தக் கடிதத்துக்காகப் பள்ளி தண்டிக்கப்பட்டது. தண்டித்தது செல்லுமா என்ற வழக்கு இரண்டு தடவை நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2007 ஜூனில்தான் கடைசித் தீர்ப்பு வந்தது. கடிதம் கையில் கிடைத்தபோது 13, 14 வயதில் இருந்த பையன்களுக்கு அப்போது 23, 24 வயது.

பள்ளி விளையாட்டுக்கு ஆள் பிடிப்பது, கட்டணச் சலுகையைக் காட்டி இழுப்பது என்றெல்லாம் பேச்சு வரும்போது பெரிய தொகைகளும் ரகசிய ஏற்பாடுகளும்தான் நம் மனதில் ஓடும். இந்த நிகழ்வு ஒரு கடிதத்தையும், கதவு சாத்திய அறையில் நடந்த ஒரு கூட்டத்தையும் சுற்றித்தான் நடக்கிறது. அதனாலேயே இதை எடுத்துக்கொண்டேன். விதி எங்கே தன் வேலையைச் செய்தது, விதியைக் கையில் வைத்திருந்தவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழக்கு வேறு எனக்குத் தெரியவில்லை. எல்லாமே நீதிமன்றப் பதிவில் இருப்பதால் பள்ளியையும் சங்கத்தையும் பெயர் சொல்லியே எழுதுகிறேன். பயிற்சியாளர், மாணவர், சங்க நிர்வாகிகள் ஆகியோரின் பெயர்கள் இங்கே தேவையில்லை.

பின்னணி

பிரென்ட்வுட், நாஷ்வில் நகரத்துக்குத் தெற்கே உள்ள புறநகர். அங்கே உள்ள பிரென்ட்வுட் அகாடமி கிறித்துவப் பின்னணி கொண்ட தனியார் பள்ளி. அமெரிக்கக் கால்பந்தில் பெயர் பெற்றது. (நாம் சொல்லும் கால்பந்து வேறு. இது ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு மோதுகிற ஆட்டம்.) மாநிலத்தின் பள்ளிப் போட்டிகளை நடத்துவது டென்னசி மேல்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம். 1925இல் தொடங்கிய இந்தச் சங்கத்தில் அப்போது ஏறத்தாழ 290 அரசுப் பள்ளிகளும் 55 தனியார் பள்ளிகளும் உறுப்பினர்கள். சேரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் சேராத பள்ளி யாரோடு ஆடும்?

அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் இடையிலான பகைக்கு வேர் முகவரியில் இருக்கிறது. அரசுப் பள்ளி பொதுவாகத் தன் எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் அணி அமைக்க வேண்டும். தனியார் பள்ளிக்கு அந்த எல்லை கிடையாது. முப்பது மைல் தள்ளியிருக்கும் பையனும் வந்து சேரலாம். அவன் வீட்டில் கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் பள்ளியே நிதியுதவி தரலாம். அந்தப் பையன் வேகமாக ஓடுகிறவனாகவும் இருந்துவிட்டால் எதிரணிப் பயிற்சியாளர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேவை அடிப்படையிலான நிதியுதவி கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடு. குடும்பம் தன் வருமானக் கணக்கு, வரிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு வெளி அமைப்பிடம் கொடுக்கும். இவர்களால் இவ்வளவு கட்ட முடியும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். மீதியைப் பள்ளி ஈடுகட்டும். ஒரே வருமானமுள்ள இரண்டு குடும்பங்கள் வந்து, ஓர் ஆளுக்குத்தான் பணம் இருக்கிறது என்னும்போது சிக்கல் தொடங்குகிறது. பயிற்சியாளர் சேர்க்கை அலுவலகத்தில் ஒரு வார்த்தை போட்டு வைத்தால் போதும். தாளில் பார்த்தால் எல்லாம் தேவை அடிப்படைதான். ஆனால் தேவையுள்ள பிள்ளைகளில் தோள் அகலமான பிள்ளைக்கு மட்டும் இடம் கிடைத்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதை நிரூபிப்பது மிகக் கடினம். அதே போல, உண்மையிலேயே வறுமையில் இருக்கும் ஒரு நல்ல ஆட்டக்காரப் பையன் தன்மேல் விழும் சந்தேகத்தைப் போக்குவதும் கடினம்.

டென்னசி இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்க்காமல் துணியையே இரண்டாக வெட்டியது. 1997இல் சங்கம் போட்டிகளை இரண்டு பிரிவாக்கியது. விளையாட்டு வீரர்களுக்கு நிதியுதவி தரும் தனியார் பள்ளிகள் இரண்டாம் பிரிவுக்குப் போய்த் தங்களுக்குள் ஆட வேண்டும். முதல் பிரிவில் அரசுப் பள்ளிகளோடு ஆட விரும்பும் தனியார் பள்ளி அந்த உதவியை விட்டுவிட வேண்டும். கடிதம் எழுதப்பட்ட அதே ஆண்டு. மாநிலத்தில் தனியார் பள்ளி விளையாட்டுமேல் எவ்வளவு சூடு ஏறியிருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆள் பிடிப்பதைத் தடுக்கும் விதி இதற்கெல்லாம் முந்தியது. விளையாட்டுக்காக ஒரு மாணவரைச் சேர்க்கவோ தக்கவைக்கவோ, அவர் மேலோ பெற்றோர் மேலோ தகாத செல்வாக்கைச் செலுத்தக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு மாணவர் பள்ளியில் சேர்வதற்கு முன் பயிற்சியாளர் அவரையோ பெற்றோரையோ தொடர்பு கொள்ளக் கூடாது என்பதும் அதில் அடக்கம். ‘சேர்வது’ என்றால் என்ன என்பதையும் சங்கமே வரையறுத்திருந்தது: மூன்று நாள் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த மூன்று நாள் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1997 ஏப்ரல்: கடிதம்

கடிதம் போன பையன்கள் எல்லோரும் அடுத்த கல்வியாண்டில் பிரென்ட்வுட் அகாடமியில் படிக்கப்போவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். ஆனால் கல்வியாண்டு தொடங்குவது ஆகஸ்டில். சங்கத்தின் கணக்கில் அவர்கள் இன்னும் அந்தப் பள்ளியில் சேரவில்லை.

பயிற்சி நடக்கப்போகிறது, ஆட்டத்துக்கான கவசமும் மற்ற சாமான்களும் அப்போது வழங்கப்படும், எவ்வளவு சீக்கிரம் வந்து கலந்துகொள்கிறீர்களோ அவ்வளவு உங்களுக்கு நல்லது என்று கடிதம் சொன்னது. கையெழுத்துப் போடும் இடத்தில் ‘உங்கள் பயிற்சியாளர்’ என்று இருந்தது.

ஒரு பெரியவர் இதைப் படித்தால் ஒன்றும் தோன்றாது. ஏற்கெனவே சேரப்போகிற பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான் என்போம். இன்னும் வேறு பள்ளியில் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனின் இடத்திலிருந்து படித்தால் வேறு மாதிரி இருக்கும். ஊரே பேசுகிற அணியின் பயிற்சியாளர் தன் பெயருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். இப்போதே ‘உங்கள்’ என்கிறார். சீக்கிரம் வந்தால் நல்லது என்றால், வராவிட்டால்? ஒப்பந்தம் போட்ட பிறகும் மனம் மாற ஆகஸ்ட்வரை ஒரு குடும்பத்துக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைத்தான் இந்தக் கடிதம் சுருக்கியது என்பது என் கருத்து. கடிதம் கிடைத்த எல்லோருமே சில நாளாவது பயிற்சிக்குப் போனார்கள்.

விசாரணையும் தண்டனையும்

சங்கம் விசாரணையில் இறங்கியது. பள்ளிமேல் வேறு குற்றச்சாட்டுகளும் வந்தன. ஆனால் நீதிமன்றங்களில் கடைசிவரை பேசப்பட்டது இந்தக் கடிதம்தான்.

நடந்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அதுவே வழக்கின் பாதியானது. முதலில் விசாரணை, சந்திப்புகள், கடிதப் போக்குவரத்து. அப்புறம் சங்கத்தின் செயல் இயக்குநர் பள்ளிக்கு எதிராக எழுத்து மூலம் முடிவு சொன்னார். பள்ளி மறுபரிசீலனை கேட்டது. இயக்குநரும் ஆட்சிக் குழு உறுப்பினர்கள் மூவரும் அமர்ந்து கேட்டார்கள். கடைசியாக முழு ஆட்சிக் குழுவும் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டது. இரண்டு விசாரணையிலும் பள்ளி சார்பில் வழக்கறிஞர் இருந்தார். பள்ளி கொடுத்த சான்று எதையும் தள்ளவில்லை. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பள்ளி விளையாட்டுச் சங்கம் இவ்வளவு செய்வதே அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

இதற்குப் பிறகுதான் சறுக்கல். முடிவெடுக்கக் குழு தனியே கூடியபோது செயல் இயக்குநரும் புலனாய்வு செய்தவர்களும் உள்ளே இருந்தார்கள். பள்ளி இல்லாத இடத்தில், பள்ளி பார்க்காத தகவல்களைக் குழு கேட்டது என்பது பள்ளியின் முறையீடு. பள்ளிக்கு வெளியே இயங்கிய ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளரைப் பற்றிய தகவல்களும் அதில் இருந்தன என்றார்கள்.

தண்டனை இது: பள்ளியின் விளையாட்டுத் துறை முழுவதும் நான்கு ஆண்டு கண்காணிப்பில். கால்பந்து அணிக்கும் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கும் இரண்டு ஆண்டு பிளேஆஃப் (பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் ஆட்டங்கள்) தடை. 3,000 டாலர் அபராதம்.

அப்போது ஆட்சிக் குழுவிலும் விதி வகுக்கும் குழுவிலும் வாக்குரிமை உள்ள அத்தனை பேரும் அரசுப் பள்ளி நிர்வாகிகள். ஒரு தனியார் பள்ளி நிர்வாகிகூட இல்லை. அவர்கள் பாரபட்சமாக நடந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் களத்தில் எதிரே நிற்கும் பள்ளிகளின் ஆட்களே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தால், சரியான தீர்ப்பையும் தண்டிக்கப்பட்டவர் நம்ப மாட்டார்.

பள்ளி ஏன் நீதிமன்றம் போனது

தண்டனையை ஏற்றுக்கொண்டு இரண்டு ஆண்டைக் கடத்தியிருக்கலாம். பல பள்ளிகள் அதைத்தான் செய்யும். பிரென்ட்வுட் அகாடமி 1997 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வாதம் இரண்டு. கடிதம் எழுதியது பேச்சுரிமை, அதைத் தண்டிப்பது அரசமைப்பின் முதலாவது திருத்தத்துக்கு எதிரானது. மூடிய அறையில் நடந்தது முறையான விசாரணையே ஆகாது, அது பதினான்காவது திருத்தத்துக்கு எதிரானது.

இதில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அரசமைப்பின் இந்தக் கட்டுகள் எல்லாம் அரசைத்தான் கட்டும். தனியார் சங்கத்தைக் கட்டாது. சங்கமோ, நாங்கள் பள்ளிகள் விரும்பிச் சேர்ந்த தனியார் அமைப்பு என்றது. அதனால் கடிதம் சரியா தவறா என்ற பேச்சுக்குப் போவதற்கு முன், இந்தச் சங்கம் யார் என்பதைத் தீர்க்க வேண்டியிருந்தது. அதற்கே மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது.

முதல் சுற்று: சங்கம் அரசா, தனியாரா?

1998இல் மாவட்ட நீதிமன்றம் பள்ளிப் பக்கம் தீர்ப்பளித்தது. 1999இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2001 பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் பள்ளிப் பக்கம் திரும்பியது.

நீதிபதி டேவிட் சௌட்டர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு சங்கத்தின் உள்ளமைப்பைத் துருவிப் பார்த்தது. உறுப்பினர்களில் 84 சதவீதம் அரசுப் பள்ளிகள். சங்கத்தை நடத்துவது அந்தப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் கண்காணிப்பாளர்களும்தான், பதிவில் உள்ள கூட்டங்களில் பாதி அலுவல் நேரத்திலேயே நடந்தவை. வருமானத்தின் பெரும்பங்கு போட்டி நுழைவுச்சீட்டுப் பணம். சங்க ஊழியர்கள் அரசு ஊழியர் இல்லை, ஆனால் மாநில அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். 1972இல் மாநிலக் கல்வி வாரியம் இந்தச் சங்கத்தைப் பெயர் சொல்லியே பள்ளி விளையாட்டை ஒழுங்குபடுத்தும் அமைப்பாக அறிவித்திருந்தது. வழக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பு, 1996இல், அந்த வாசகத்தை வாரியம் எடுத்துவிட்டது. வாசகம் போனாலும் நடப்பு ஒன்றும் மாறவில்லை என்றது நீதிமன்றம். பெயருக்குத்தான் தனியார், உள்ளே அரசோடு பின்னிப் பிணைந்திருக்கிறது என்பது முடிவு.

இதற்கு எதிராகச் சங்கம் கையில் வைத்திருந்த பெரிய ஆயுதம் 1988இல் வந்த டார்கேனியன் வழக்கு. அதில் கல்லூரி விளையாட்டுகளின் தேசிய சங்கம் அரசு அமைப்பாகாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. அந்தச் சங்கத்தில் பல மாநிலங்களின் கல்லூரிகள் இருந்தன, எந்த ஒரு மாநிலத்தின் கையும் அதில் ஓங்கியிருக்கவில்லை. டென்னசி சங்கத்தில் இருப்பவை ஒரே மாநிலத்தின் பள்ளிகள். வேறுபாடு அங்கேதான். எதிர்த்து எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸும் அவரோடு சேர்ந்த மூவரும் இதை ஏற்கவில்லை.

இந்த முதல் சுற்றின் பலன் டென்னசியோடு நிற்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் பெண்களின் கூடைப்பந்து, வாலிபால் போன்ற ஆட்டங்களை வழக்கத்துக்கு மாறான பருவங்களில் நடத்தி வந்தார்கள். அதை எதிர்த்த பெற்றோரின் வழக்கில், மாநில விளையாட்டுச் சங்கமும் அரசமைப்புக்குக் கட்டுப்பட்டதே என்று சொல்ல இந்தத் தீர்ப்பு கைகொடுத்தது. 2007–08இல் அங்கே பெண்களின் பருவங்கள் மாறின. ஒரு கால்பந்துக் கடிதம் எங்கே போய் உதவியது பாருங்கள்.

இரண்டாம் சுற்று: கடிதம் பேச்சுரிமையா?

வழக்கு கீழே திரும்பியது. 2003இல் மாவட்ட நீதிமன்றம் மறுபடியும் பள்ளிப் பக்கம். 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பள்ளிப் பக்கம். இரண்டு இடத்திலும் ஜெயித்த பள்ளி, 2007 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. இந்த முறை ஒன்பது நீதிபதிகளும் சங்கத்தின் பக்கம்.

நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பில் என்னை நிறுத்தி வைத்த பகுதி ஓர் ஒப்புமை. ஓஹையோவில் விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த 18 வயதுப் பெண்ணிடம் ஒரு வழக்கறிஞர் நேரில் போய், வழக்கை என்னிடம் கொடு என்று கேட்டார். அவரைத் தண்டித்தது சரி என்று 1978இல் இதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. விளம்பரம் செய்யலாம், ஆனால் யோசிக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் நேரே போய் நெருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஆம்புலன்ஸ் பின்னால் ஓடும் வழக்கறிஞரிடம் என்ன ஆபத்து உண்டோ, எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் தொடர்பு கொள்ளும் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளரிடமும் அதே ஆபத்து உண்டு என்றார் ஸ்டீவன்ஸ். பயிற்சியாளரே நேரடியாக, அதுவும் ‘உங்கள் பயிற்சியாளர்’ என்று எழுதுவது அந்த வயதில் தலையைக் கிறங்க வைக்கும் விஷயம், மறுத்தால் ஆட்ட வாய்ப்பே போய்விடும் என்ற பயமும் அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்றும் விளக்கினார்.

எல்லா நீதிபதிகளும் இந்த ஒப்புமையோடு ஒத்துப்போகவில்லை. நீதிபதி அந்தோணி கென்னடியும் இன்னும் மூவரும் முடிவை ஏற்றார்கள், ஆனால் வழக்கறிஞர் வழக்கை இங்கே இழுக்க வேண்டாம் என்றார்கள். அது நிலைத்தால், சங்கத்தில் சேராத தனியார் பள்ளி யாருடன் பேச வேண்டும் என்பதையும் அரசு கட்டுப்படுத்தலாம் என்று ஆகிவிடும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். அவர்களும் ஸ்டீவன்ஸோடு நின்றவர்களும் சந்தித்த இடம் இன்னொன்று: பள்ளி தானே விரும்பிச் சங்கத்தில் சேர்ந்தது. ஆட்டத்தின் விதிகளை ஏற்றுத்தான் சேர்ந்தது. பிரசுரம் அனுப்பலாம், விளம்பரப் பலகை வைக்கலாம், அணியைப் பற்றி ஊருக்கே சொல்லலாம். பிள்ளையைத் தனியாகப் பிடித்துப் பேசுவது மட்டும் கூடாது.

மூடிய அறை விஷயத்திலும் பள்ளி தோற்றது. பள்ளிக்கு எல்லாக் குற்றச்சாட்டும் தெரிந்திருந்தது, வழக்கறிஞர் இருந்தார், சான்று சொல்ல வாய்ப்பிருந்தது. கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் பள்ளி வேறென்ன செய்திருக்கும் என்பதைக் காட்ட முடியவில்லை. அந்தப் பேச்சு முறையற்றதாகவே இருந்தாலும் பாதிப்பில்லை என்றது நீதிமன்றம்.

பாதிப்பில்லை என்பது சட்டத்தின் மொழி. சங்கத்தை நடத்துகிறவர்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த நற்சான்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முறையான விசாரணை நடக்கவில்லை என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தது அந்தக் கூட்டம்தான். இரண்டு கீழ் நீதிமன்றங்கள் பள்ளிப் பக்கம் நின்றதையும் மறக்கக் கூடாது. புலனாய்வு செய்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தால் வழக்கின் பாதி எழுந்தே இருக்காது.

என்ன மாறியிருக்க வேண்டும்

விதியின் பக்கம் நான் நிற்கிறேன். 14 வயதுப் பிள்ளைக்கும் பயிற்சியாளருக்கும் நடுவில் ஒரு வேலி வேண்டும். வேலி இல்லாத இடத்தில் அடுத்த கடிதம் ஏழாம் வகுப்புக்குப் போகும், அதற்கடுத்தது ஆறாம் வகுப்புக்கு. அந்தப் பயிற்சியாளருக்குத் தான் செய்தது தடுக்கப்பட்ட காரியம் என்று போதிய முன்னறிவிப்பு இருந்தது என்பதும் வழக்கில் தீர்ந்துபோன விஷயம்.

அதே சேதியை வேறு வழியில் சொல்லியிருக்கலாம் என்பதுதான் வருத்தம். பள்ளி அலுவலகம், அடுத்த ஆண்டு சேரவிருக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், எல்லா விளையாட்டுகளையும் பற்றி, ஒரே பொதுக் கடிதத்தை அனுப்பலாம். அதிலும் சந்தேகம் இருந்தால் அனுப்புமுன் சங்கத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்பது பலவீனம் என்று நினைக்கிற பழக்கம் எந்த ஊர்ப் பள்ளி நிர்வாகத்திலும் உண்டு. அதற்கு விலை அதிகம்.

மூன்று நாள் வகுப்பு என்ற வரையறையும் சரிப்படவில்லை. பெற்றோரைப் பொறுத்தவரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே பிள்ளை சேர்ந்தாயிற்று. சங்கத்துக்கு ஆகஸ்டில்தான் சேர்கிறான். நடுவில் உள்ள மாதங்களில் அவன் யாருடைய பிள்ளை என்பதைச் சேர்க்கை ஒப்பந்தத்திலேயே நாலு வரியில் எழுதிக் கொடுக்கலாம்: இந்தத் தேதிவரை எந்தப் பயிற்சியாளரும் உங்களைத் தொடர்பு கொள்ள மாட்டார், கொண்டால் எங்களுக்குச் சொல்லுங்கள். விதி அப்போது பெற்றோர் கையிலும் இருக்கும்.

தண்டனைதான் என்னை ரொம்ப உறுத்துகிறது. பிளேஆஃப் தடை யார் தலையில் விழும்? கடிதம் எழுதியவர் அடுத்தடுத்த ஆண்டும் பயிற்சியாளராக இருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கு அதுதான் கடைசி ஆண்டு. அவனுக்குக் கடிதம் வரவுமில்லை, அவன் எழுதவுமில்லை. பெரியவர் செய்த தவறுக்குப் பெரியவரை நிறுத்தி வைக்க வேண்டும்: பயிற்சியாளருக்கு ஒரு பருவம் களத்துக்கு வரத் தடை, பள்ளித் தலைமைக்கு எழுத்துப் பூர்வமான கண்டனம், அபராதம். அணியைத் தடுப்பது பள்ளிக்கு நன்றாக வலிக்கும் என்பது உண்மை. அதனால்தான் சங்கங்கள் அதைக் கையில் எடுக்கின்றன. அந்த வலி ஒரு 17 வயதுப் பையன் வழியாகத்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்கிறது.

தீர்ப்புச் சொல்லும் மேசையில் தனியார் பள்ளிக்காரர் ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும். புகாரை விசாரித்தவரும் முடிவு சொல்பவரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இரண்டும் காசு செலவில்லாத மாற்றங்கள்.

நிதியுதவி பக்கம் வேலை இன்னும் கடினம். பயிற்சியாளர் எந்த மாணவரின் நிதியுதவிக் கோப்பையும் தொடக் கூடாது, யாருக்காகவும் பேசக் கூடாது என்பது முதல் படி. ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர், பெயர்களை மறைத்துவிட்டு, ஒரே அளவு தேவையுள்ள குடும்பங்களில் ஆடுகிற பிள்ளைக்கும் ஆடாத பிள்ளைக்கும் கிடைத்த தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் அங்கே கேள்வி கேட்கலாம். இல்லையென்றால் அந்தப் பிள்ளையைச் சந்தேகத்தோடு பார்ப்பதை நிறுத்தலாம். டென்னசி செய்ததைப் போலப் பள்ளிகளைப் பிரித்துவிடுவது அரசுப் பள்ளிகளின் மனக்குறையைக் குறைக்கும். ஆனால் முதல் பிரிவில் இருக்கும் தனியார் பள்ளியில், வசதியில்லாத வீட்டுப் பையன் படிப்புக்கு உதவியா, அணியில் இடமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையை அது உண்டாக்குகிறது. அவன் எந்தக் கடிதமும் வாங்கியவன் இல்லை.

இரண்டாம் பிரிவு இன்றும் இருக்கிறது. பிரென்ட்வுட் அகாடமி அந்தப் பிரிவில்தான் ஆடுகிறது, அதே சங்கத்தின் உறுப்பினராக.